பூட்டுக்காரர் எழுதிய பூட்டு

பூட்டுக்காரருக்கு இரண்டு கர்வங்கள் உண்டு. அவர் திறக்க முடியாத பூட்டு ஊரில் இல்லை என்பது ஒன்று. அவர் எழுதும் தொடர்கதையில் பொய்ப்பூட்டு கிடையாது என்பது மற்றொன்று. முதல் கர்வம் அவருக்குச் சோறு போட்டது. இரண்டாவது கர்வம் அவரைப் படாத பாடு படுத்தியது. நமக்கு வேண்டியது இரண்டாவதுதான்.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்கவேண்டிய சந்தில் அவருடைய கடை. சுவர் முழுக்க வெட்டாத சாவிகள் தொங்கும். மேஜை மேல் சாவி வெட்டும் மிஷின், அதற்குப் பக்கத்தில் அரம், இடுக்கி, ஒரு டம்ளரில் பேனாக்கள். கடைக்குப் பின்னால் இரும்புக் கதவு போட்ட ஒரு சின்ன சாமான் அறை. வாசலுக்கு மேலே ‘எந்தப் பூட்டும் திறக்கப்படும்’ என்று ஒரு பலகை. பக்கத்துக் கடை தையல்காரருடையது. நடுவில் இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர் என்பதால் தையல்காரர் தும்மினால் பூட்டுக்காரர் மூக்கைத் துடைத்துக்கொள்ளலாம்.

அவர் எழுத்தாளர் ஆனது கோபத்தில். ஊரில் வரும் வாரப் பத்திரிகையில் யாரோ ஒருவர் எழுதிய தொடர்கதையில், கதாநாயகி கொண்டை ஊசியை எடுத்து வங்கியின் இரும்புப் பெட்டகத்தைத் திறந்துவிட்டாள். அதைப் படித்த அன்று பூட்டுக்காரர் சாப்பிடவில்லை. மறுநாள் கடையைக்கூடத் திறக்காமல் நேரே பத்திரிகை ஆபீசுக்குப் போய், “கொண்டை ஊசியால காது குடையலாம். பெட்டகத்தைத் திறக்க முடியாது. மக்களுக்குப் பொய் சொல்லாதீங்க” என்று மேஜையைத் தட்டினார். ஆசிரியர் விவரமான மனிதர். அந்த நேரம் பார்த்து அவரிடம் இரண்டு பக்கம் காலியாகவும் இருந்தது. “அப்ப நீங்களே எழுதுங்களேன்” என்றார். மேஜையைத் தட்டிய கை சும்மா திரும்ப முடியுமா? அந்த இரண்டு பக்கத்தையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அப்படிப் பிறந்தவர்தான் துப்பறியும் தொப்பிக்காரர். தூங்கும்போதும் தொப்பியைக் கழற்றாதவர். பேச்சைக் காசு கொடுத்து வாங்குகிறவர்போல் அளந்து பேசுகிறவர். எல்லாவற்றையும்விட முக்கியம், அவர் யாரிடமும் எதையும் கேட்க மாட்டார். வழி கேட்க மாட்டார், தண்ணீர் கேட்க மாட்டார், மணி என்ன என்றுகூடக் கேட்க மாட்டார். ஒவ்வொரு கதையிலும் ஒரு பூட்டு வரும். அதை அவர் முறைப்படி திறப்பார். ஒரு தடவை போலீஸ்காரர் ஒருவர் கடைக்கு வந்து, “ரொம்ப விவரமா எழுதறீங்களே, படிக்கிறவன் எல்லாம் யோக்கியனா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து பூட்டுக்காரர் நடுவில் ஒரு வேலையை மட்டும் எழுதாமல் விட்டுவிடுவார். ஊர்த் திருடர்கள் சிலர் அதை நம்பி மோசம் போனதாகக் கேள்வி.

தொப்பிக்காரரின் குணம் எங்கிருந்து வந்தது என்று வெளியே யாருக்கும் தெரியாது. வீட்டில் தெரியும். பூட்டுக்காரர் மூக்குக் கண்ணாடியைத் தொலைத்துவிட்டால் அலமாரி, கட்டிலடி, அரிசிப் பானை வரைக்கும் தேடுவாரே தவிர, ‘பார்த்தியா?’ என்று மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டார். அந்த அம்மாளும் கேட்காமலே இடத்தைச் சொல்லிப் பார்த்துக் களைத்துப்போய், இப்போதெல்லாம் கண்ணாடியை எடுத்து அவர் கைபடும் இடத்தில் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார். தானே கண்டுபிடித்ததாக அவருக்கு ஒரு திருப்தி. நாமும் கெடுப்பானேன்?

ஒரு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் பூட்டுக்காரருக்குக் கை அபாரமாக ஓடியது. வில்லன் தொப்பிக்காரரைப் பிடித்து நிலவறையில் அடைக்கிறான். சாதாரண அறையா? ஜன்னல் கிடையாது. இரும்புக் கதவு. கதவின் நாலு பக்கமும் நாலு தாழ், நாலும் சுவருக்குள் போய் இறங்குகின்றன. கீல் வெளிப்பக்கம். உள்ளே சாவித் துவாரமே இல்லை, திருகிப் பார்க்க ஒரு திருகாணித் தலைகூட இல்லை. தொப்பிக்காரரின் பையில் இருந்த கம்பி, கத்தி எல்லாவற்றையும் வில்லன் பிடுங்கிக்கொண்டான். எழுதி முடித்ததும் பூட்டுக்காரர் பேனாவை மூடிவிட்டு, “இந்தப் பூட்டை எவன் திறப்பான்!” என்று வாய்விட்டே பெருமைப்பட்டார்.

மறுவாரம் உட்கார்ந்தபோதுதான் திறக்கவேண்டியது தான்தான் என்று உறைத்தது.

தலைகீழாக நின்று பார்த்தார். வழியே இல்லை. வழி இல்லாதபடி செய்ததும் அவரேதான். வேறு யாராவது எழுதியிருந்தால் ஒரு ஓட்டை வைத்திருப்பார்கள். இவர் தொழில் தெரிந்தவர் அல்லவா, எல்லா ஓட்டையையும் அடைத்து வைத்திருந்தார். அந்த வாரம் தொப்பிக்காரர் நான்கு சுவரையும் தட்டிப் பார்த்தார், ‘தொடரும்’. அடுத்த வாரம் மூலையில் உட்கார்ந்து சின்ன வயதை நினைத்துக்கொண்டார், ‘தொடரும்’. அதற்கு அடுத்த வாரம் தப்பித்துவிட்டார். வாசகர்கள் கைதட்டுவதற்குள் அது கனவு என்று விழித்துக்கொண்டார். ‘தொடரும்.’

ஆசிரியர் போன் செய்தார்.

“ஐயா, தொப்பிக்காரர் எப்ப வெளிய வருவார்?”

“வருவார்.”

“போன வாரமும் அதான் சொன்னீங்க.”

“யோசிச்சிட்டிருக்கார்.”

“அவர் யோசிக்கிறது இருக்கட்டும், நீங்க யோசிச்சீங்களா? இங்க பாருங்க, இந்த வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள்ள அவர் வெளிய வந்தாகணும். இல்லேன்னா கதையைக் குறுக்கெழுத்துக்காரர்கிட்ட குடுத்துடுவேன். ஒரே வாரத்துல முடிச்சுத் தர்றேன்னு சொல்லிட்டார்.”

குறுக்கெழுத்துக்காரர் என்பவர் அதே பத்திரிகையில் கட்டம் போட்டுப் புதிர் தயாரிப்பவர். நெடுநாளாகக் கதைப் பக்கத்தின் மேல் அவருக்கு ஒரு கண்.

“எப்படி முடிப்பாராம்?” என்றார் பூட்டுக்காரர்.

“உள்ள காத்து இல்லையாமே. மூச்சு முட்டி செத்துட்டார்னு எழுதிடறாராம். முற்றும்.”

போனை வைத்துவிட்டுப் பூட்டுக்காரர் வெகுநேரம் மிஷினையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிரிக்கத் தோன்றினால் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் வருடக்கணக்காக ஒரு மனிதரோடு வாழ்ந்துவிட்டு, அவரைக் கட்டம் போடுகிறவன் கையால் சாகக் கொடுப்பது லேசான காரியமில்லை. அன்றாடம் நாலு பேருக்குச் சாவி வெட்டிக் கொடுக்கும் தன்னிடத்தில் எங்கேயோ ஒரு தொப்பிக்காரர் இருக்கிறார் என்ற நினைப்பில்தான் அவர் தலை நிமிர்ந்து நடந்தார். அது போய்விட்டால் மிஞ்சுவது மிஷினும் அரமும்தான்.

அவர் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. ஆனால் யோசனை சொல்லக் கேட்கவேண்டும் என்று சட்டமா இருக்கிறது? மச்சினன் வந்தான். மனைவியின் தம்பி, எதற்கும் கைவசம் ஒரு தீர்வு வைத்திருப்பவன்.

“பூகம்பம் வந்துடுச்சுன்னு எழுதுங்க மாமா. சுவரு விழுந்துடும், ஆளு வெளிய வந்துடுவார்.”

“சுவரு விழுந்தா ஆளு மேலதாண்டா விழும்.”

“அதான் தொப்பி போட்டிருக்காரே.”

தையல்காரர் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே, “ஒரு கொண்டை ஊசி…” என்று ஆரம்பித்தார். பூட்டுக்காரர் சுத்தியலை எடுத்துச் சுவரில் ஒரு தட்டுத் தட்டினார். பேச்சு நின்றது.

நின்றுகொண்டே எழுதினால் வரும் என்று யாரோ சொன்னதால் நின்று பார்த்தார். கால்தான் வலித்தது. விடிகாலையில் நடந்தால் கற்பனை ஊறும் என்று கேள்விப்பட்டு நடக்கப் போனார். தெருக்கோடி வீட்டில் கதவு சாத்திக்கொண்டு வெளியே நின்ற ஒருவர் இவரைப் பார்த்ததும், தெய்வமே நேரில் வந்ததுபோல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். ஒரு பூட்டைத் திறந்துகொடுத்துவிட்டு வெறுந்தலையோடு திரும்பினார். கடைசியில் கடைத்தெருவுக்குப் போய் ஒரு தொப்பியே வாங்கிவிட்டார். அதைப் போட்டுக்கொண்டு கடையில் உட்கார்ந்திருந்தபோது சாவி வெட்ட வந்த அம்மாள், “தலையில அடியா? பார்த்து இருக்கக் கூடாதா?” என்று விசாரித்தார்.

மனைவி மட்டும் எதுவும் சொல்லவில்லை. அவர் சொல்லாததற்குக் காரணம் இருந்தது. கல்யாணமான புதிதில், இவர் எழுதிக்கொண்டிருக்கையில் கதவைத் தட்டி, ‘சாப்பிட வர்றீங்களா’ என்று கேட்டுவிட்டார். இவர் வந்த கோபத்தில், “யோசிக்கும்போது கதவைத் தட்டாதே, திறக்காதே, கூப்பிடாதே. வர்றப்ப நானே வருவேன்” என்று கத்திவிட்டார். கத்தியவர் மறந்துவிட்டார். கேட்டுக்கொண்டவருக்கு மறக்குமா?

எதுவும் நடக்காத நிலையில் பூட்டுக்காரருக்கு ஒரு யோசனை வந்தது. அவருக்கு மட்டுமே வரக்கூடிய யோசனை. எழுத்தில் திறக்கவில்லையா, இரும்பில் திறந்து பார்ப்போம். அந்தப் பூட்டை நிஜமாகவே செய்துவிட்டால் எங்கேயாவது ஒரு வழி கண்ணில் படாமலா போகும்?

வந்த வேலையை எல்லாம் தள்ளிப்போட்டார். சாமான் அறையின் இரும்புக் கதவைக் கழற்றி, கதையில் எழுதியபடியே நாலு தாழ் போட்டார். இழுத்து மூடினால் தானாகவே விழும்படிச் சுருள்வில் வைத்தார். கீலை வெளிப்பக்கம் மாற்றினார். உள்பக்கத்தில் இருந்த சாவித் துவாரத்தைத் தகடு வைத்து ஒட்டினார், திருகாணித் தலைகளை அரத்தால் ராவித் தள்ளினார். அந்த வாரம் முழுக்கச் சந்தே அதிர்ந்தது.

“உள்ள தங்கமா வெச்சிருக்கீங்க?” என்று தையல்காரர் வந்து எட்டிப் பார்த்தார்.

“பழைய பூட்டு.”

“பூட்டுக்கே பூட்டா!” என்று தலையில் அடித்துக்கொண்டு போனார் தையல்காரர்.

வெள்ளிக்கிழமை காலையில் வேலை முடிந்தது. பூட்டுக்காரர் தொப்பியைப் போட்டுக்கொண்டார். செருப்பை அறை வாசலில் விட்டார். தொப்பிக்காரரிடம் கருவி எதுவும் இல்லையே, அதனால் சட்டைப் பையில் இருந்த திருப்புளி, பேனாக்கத்தி, கம்பி எல்லாவற்றையும் எடுத்து மேஜை மேல் வைத்தார். தொப்பிக்காரரிடம் போனும் இல்லை. அதையும் வைத்தார். நேர்மை என்றால் நேர்மை. தாளும் பேனாவும் மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போய், விளக்கைப் போட்டு, கவிழ்த்துப் போட்ட டப்பாவில் உட்கார்ந்தார்.

கதவைச் சாத்தும் எண்ணம் அவருக்குத் துளியும் இல்லை. ஆனால் எழுதுகிறவனுக்கு ஆசை விடாது. நாலு தாழும் ஒன்றாக விழும்போது என்ன சத்தம் வரும்? அதை மட்டும் கேட்டுவிடலாம் என்று கதவை மெல்லத் தன் பக்கம் இழுத்தார்.

கட்டக்.

‘ஆகா’ என்றுதான் முதலில் நினைத்தார். என்ன சுத்தமான சத்தம், ஒரு பிசிறு இல்லை! மறப்பதற்குள் தாளில் ‘கட்டக்’ என்று எழுதிக்கொண்டார். எழுதி, அடியில் கோடும் போட்டார். கோடு முடிகிற இடத்தில்தான் சாவி வெளியே கதவிலேயே தொங்குவது நினைவுக்கு வந்தது.

அடுத்து அவர் செய்ததையெல்லாம் சொன்னால் அவருக்கு மரியாதை இல்லை. கதவைத் தள்ளினார், இழுத்தார், தோளால் இடித்தார், நகத்தால் சுரண்டினார், தகட்டின் விளிம்பைப் பல்லால் கடிக்கலாமா என்றுகூடக் குனிந்து பார்த்தார். எங்கும் அவருடைய கைவேலைதான். ஒரு குறை சொல்ல முடியவில்லை. இத்தனை காலத்தில் இதைவிட நல்ல வேலை அவர் செய்ததே இல்லை.

வெளியே யாரோ வந்தார்கள். “சார்… சார்…” என்று குரல் கொடுத்தார்கள். பூட்டுக்காரர் வாயைத் திறந்தார். கடை வாசலில் தொங்கும் பலகை நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டார்.

“எந்தப் பூட்டும் திறப்பாங்களாம். கடையில ஆளையே காணோம்” என்று முணுமுணுத்துக்கொண்டு வந்தவர் போய்விட்டார்.

சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு குரல், ஒரே ஒரு குரல் கொடுத்தால் போதும். ஆனால் தையல்காரர் வந்து திறந்தால்? அவர் ஒன்றும் சொல்ல மாட்டார். அளவெடுக்க வருகிற ஒவ்வொருவரிடமும், கையை நீட்டச் சொல்லி, நாடாவை வைத்துக்கொண்டு, ‘உங்களுக்கு விஷயம் தெரியுமா?’ என்று மட்டும் ஆரம்பிப்பார். ஊருக்குச் சட்டை தைக்கிறவரிடம் மானத்தைக் கொடுத்தால் ஊருக்கே தைத்துக் கொடுத்துவிடுவாரே. வேண்டாம்.

வேர்த்தது. பசித்தது. அதற்கும் மேலே இன்னொரு அவசரம் வந்தது. தொப்பிக்காரருக்கு இத்தனை வருடத்தில் ஒரு நாளும் வராத அவசரம். நிலவறையில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து சின்ன வயதை நினைத்துக்கொண்டவரைப் பூட்டுக்காரர் இப்போது மனதாரத் திட்டினார். மாட்டிக்கொண்டவனுக்குச் சின்ன வயது எங்கே நினைவுக்கு வருகிறது? நேற்றுச் சாப்பிட்டதுகூட நினைவுக்கு வரவில்லை.

மதியம் மனைவி சாப்பாட்டுக் கேரியரோடு வந்தார். கேரியரை மேஜையில் வைக்கும் சத்தம் கேட்டது. “என்னங்க?” என்றார். பிறகு பேச்சில்லை. அறை வாசலில் செருப்பையும் கதவடியில் விளக்கு வெளிச்சத்தையும் பார்த்திருக்க வேண்டும். இதோ திறந்துவிடுவார் என்று பூட்டுக்காரர் எழுந்து, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, தற்செயலாக நிற்கிறவர்போல் நின்றார். கதவு திறக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம்தான் கேட்டது.

வாடிக்கையாளர் ஒருவர் வந்தார்.

“அப்புறம் வாங்க, உள்ள எழுதிட்டிருக்கார்” என்றார் மனைவி. கோயிலில் பேசுகிறவரைப்போல் குரலைத் தழைத்துச் சொன்னார்.

பூட்டுக்காரர் கதவில் காதை வைத்தார். மேஜை மேல் அவருடைய போன் அடித்தது. மனைவி எடுத்தார்.

“அவர் உள்ள எழுதிட்டிருக்காருங்க… ஆமாங்க, காலையிலேர்ந்து… இல்லைங்க, கூப்பிட முடியாது. சத்தமே இல்லை. சத்தம் இல்லேன்னா நல்லா போயிட்டிருக்குன்னு அர்த்தம்… வந்துடும்ங்க. சாயங்காலத்துக்குள்ள வந்துடும். அவர் விடமாட்டாருங்க, எனக்குத் தெரியும்.”

பூட்டுக்காரர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அதில் ‘கட்டக்’ என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தது. அவருக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கத்தினால் வந்த அழுகைதான், வேறொன்றுமில்லை. எழுதாத எழுத்துக்குக் காவல் உட்கார்ந்திருக்கிறாள். கட்டிய நாளிலிருந்து இப்படித்தான் உட்கார்ந்திருந்தாளா? இவர் எப்போதும் கதவுக்கு உள்ளே இருந்ததால் பார்த்ததே இல்லை.

கேரியரைத் திறந்து மூடியிருக்க வேண்டும். வறுத்த மீன் வாசனை கதவடியால் உள்ளே வந்தது.

ஆயுளில் எத்தனையோ கதவுகளுக்கு முன்னால் நின்றிருக்கிறார், எல்லாம் வெளிப்பக்கமாக. உள்ளே இருப்பவர்கள் அழுதிருக்கிறார்கள், சத்தம் போட்டிருக்கிறார்கள், ‘சீக்கிரம், சீக்கிரம்’ என்று கெஞ்சியிருக்கிறார்கள். ‘பொறுங்க, என்ன அவசரம்’ என்று நிதானமாகக் கருவியை எடுப்பார். உள்ளே இருந்து தட்டுவது இவ்வளவு கஷ்டம் என்று தெரிந்திருந்தால் கொஞ்சம் வேகமாகத் திறந்திருப்பார். கையைத் தூக்கினார், இறக்கினார். மறுபடி தூக்கி, ஒரே ஒரு விரலால் தட்டினார்.

வெளியே ஸ்டூல் அசைந்தது. “யாரு?”

“நான்தான்.”

“தட்டினது நீங்களா?”

“ஆமா.”

“யோசிக்கும்போது திறக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கீங்களே.”

“நான் இப்ப யோசிக்கலை.”

“அப்ப என்ன பண்றீங்க?”

பூட்டுக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். “மாட்டிக்கிட்டிருக்கேன்.”

வளையல் சத்தம் கதவருகே வந்தது. பிறகு சாவி திரும்பியது. நாலு தாழும் விலகின. மனைவி அவரைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார், புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பில் தோளெல்லாம் குலுங்கியது. பூட்டுக்காரர் அதற்குப் பதில் சொல்ல நிற்கவில்லை. சந்துக்குப் பின்னால் இருக்கும் கழிப்பறையை நோக்கி ஓட்டமும் நடையுமாகப் போனார். தொப்பி வழியில் விழுந்ததைக்கூட அவர் கவனிக்கவில்லை.

திரும்பி வந்தபோது தட்டில் சாப்பாடு இருந்தது. வாரி வாரிச் சாப்பிட்டார்.

“எவ்வளவு நேரமா மாட்டிக்கிட்டிருந்தீங்க?”

“காலையிலேர்ந்து.”

“எனக்கு எப்படிங்க தெரியும்? நீங்க எழுதினாலும் சத்தம் கிடையாது, மாட்டிக்கிட்டாலும் சத்தம் கிடையாது.” இன்னொரு மீன் துண்டை வைத்தபடி கேட்டார்: “சரி, அவர் சாப்பிட்டாரா?”

“யாரு?”

“உங்க தொப்பிக்காரர்தான். உள்ள போய் மூணு வாரம் ஆச்சே. சோறு யாரு போடறா?”

பூட்டுக்காரரின் கை பாதி வழியில் நின்றது. நாலு தாழ் வைத்தார், வில் வைத்தார், கீலை மாற்றினார். அந்த மனிதனுக்கு வயிறு என்று ஒன்று இருப்பதை மறந்தே போனார்.

“அது… கதைதானே” என்றார்.

“பூட்டுல பொய் இருக்கக் கூடாது, வயித்துல மட்டும் இருக்கலாமா? மூணு வாரம் பட்டினி கிடந்தா ஆள் இருப்பாரா? யாரோ தினமும் கொண்டுபோய்க் குடுத்திருக்கா. அப்ப அவளுக்குக் கதவைத் திறக்கத் தெரிஞ்சிருக்கு.”

“அவள்னா? கொண்டு வர்றது பொம்பளைன்னு யாரு சொன்னா?”

மனைவி கேரியரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பூட்டுக்காரர் குனிந்து மீதிச் சோற்றை அவசரமாக முடித்தார்.

கையைக் கழுவினாரோ இல்லையோ, எழுத உட்கார்ந்துவிட்டார். இவ்வளவு நாளும் தொப்பிக்காரர் கதவை எப்படித் திறப்பது என்றே யோசித்தார். அவர் ஏன் தட்டக்கூடாது என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. தொப்பிக்காரர் எழுந்தார். வெளியே ஒரு பெண் சாப்பாட்டை வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பது அவருக்குக் கேட்டது. வில்லனிடம் அவள், ‘அவர் பாட்டுக்கு இருக்கார், தொந்தரவு பண்ணாதீங்க’ என்று பரிந்து பேசுவதும் கேட்டது. கையைத் தூக்கினார், இறக்கினார். வழி கேட்காதவர், தண்ணீர் கேட்காதவர், கதவுக்கு முன்னால் வேர்த்துக் கொட்டிக்கொண்டு நின்றார். பேனா எங்கும் நிற்கவில்லை. தையல்காரர் வந்து எட்டிப் பார்த்து, மனைவி வாயில் விரலை வைத்ததும் ஓசைப்படாமல் திரும்பிப் போனதும் பூட்டுக்காரருக்குத் தெரியாது.

தொப்பிக்காரர் தட்டினார். கதவு திறந்தது. அங்கே பேனா நின்றுவிட்டது.

மாலை வெயில் சந்துக்குள் சாய்ந்து வந்துகொண்டிருந்தது. ஆபீஸ் மூடுவதற்குள் போய்ச் சேர வேண்டும். பூட்டுக்காரர் தாளைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். பிறகு அவர் வாழ்க்கையில் இல்லாத வழக்கமாகத் திரும்பி, “இங்க கொஞ்சம் வர்றியா?” என்றார்.

“என்ன தேடறீங்க?” என்று மனைவி எழுந்து வந்தார்.

“தேடலை. உட்காரு. படிக்கிறேன், கேளு.”

அவர் படித்தார். வெளியே உட்கார்ந்திருக்கும் பெண் வந்தபோது குரல் கொஞ்சம் தடுமாறியது. மனைவி கைகளை மடியில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி கேட்டார். தான் சொன்னதெல்லாம் கதவுக்கு உள்ளே கேட்டிருக்கிறது என்று அவருக்குப் புரிந்த இடத்தில் காது சிவந்துபோனது.

“இப்ப கதவு திறக்குது. அவ அவரைப் பார்க்கிறா” என்றார் பூட்டுக்காரர். “ஏதாவது சொல்லணுமே. எனக்கு வரலை. என்ன சொல்லுவா?”

மனைவி யோசிக்கவே இல்லை. “என்ன சொல்லுவா? ‘கூப்பிட்டிருந்தா முதல் நாளே திறந்திருப்பேனே’ன்னு சொல்லுவா.”

பூட்டுக்காரர் எழுதினார். ஒரு எழுத்துக்கூட மாற்றவில்லை. எழுதிவிட்டு நிமிராமல் உட்கார்ந்திருந்தார்.

“அதுக்கு அவர் என்ன சொல்றார்?” என்று மனைவி கேட்டார்.

பூட்டுக்காரர் பேனா மூடியைத் திருகினார், கழற்றினார், மறுபடி திருகினார்.

“கூப்பிடத் தெரியலைன்னு சொல்றார்.”

மனைவி எழுந்து கேரியர் அடுக்குகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் பூட்டினார். செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றார்.

“அதையும் எழுதிக் குடுங்க. வீட்டுக்குப் போற வழியில நானே ஆபீசுல குடுத்துடறேன்” என்றார்.